வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது இணைப்பு ஏன் அறுந்துபோகிறது?

கேள்வி சுருக்கமாக இது: கட்டடத்துக்குள் வைஃபையில் இருந்த போனோ லேப்டாப்போ வெளியே வந்ததும் மொபைல் டேட்டாவுக்குத் தாவுகிறது. வீடியோ நிற்காமல் ஓடுகிறது. ஆனால் சர்வரில் திறந்து வைத்திருந்த எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினியில் கட்டளையிட உதவும் இணைப்பு) உறைந்துவிடுகிறது, பாதி ஏறிய கோப்பு மறுபடி முதலிலிருந்து ஏறத் தொடங்குகிறது, பேசிக்கொண்டிருந்த அழைப்பு சில நொடிகள் ஊமையாகிறது. ஏன் ஒவ்வொன்றும் ஒரு விதமாக நடந்துகொள்கிறது? எங்கே போனாலும் ஒரே ஐபி முகவரியைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்களும் முதலில் அந்த வழியில்தான் போனார்கள். நான் புரிந்துகொண்ட வரையில் முகவரியைக் காப்பாற்றப் போராட வேண்டியதில்லை. பேசும் இரண்டு முனைகளும் முகவரியைச் சாராத ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டால் போதும். இன்று நெட்வொர்க் விட்டு நெட்வொர்க் மாறும்போதும் ஒழுங்காக வேலை செய்கிற கருவிகளைப் பார்த்தால், பெரும்பாலும் எல்லாம் அப்படித்தான் செய்கின்றன.

சிக்கலின் வேர் பழையது. ஐபி முகவரி இரண்டு வேலை பார்க்கிறது. இந்தக் கருவி இணையத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ரௌட்டர்களுக்குச் சொல்வது ஒன்று. பேசுவது யார் என்று எதிர்முனைக்குச் சொல்வது இன்னொன்று. தரவு தொலையாமல் வரிசையாகப் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறையான டிசிபி 1981இல் வரையறுக்கப்பட்டபோது ஒரு இணைப்பை நான்கு எண்களால் அடையாளம் கண்டார்கள்: இந்தப் பக்கத்து முகவரி, இந்தப் பக்கத்து போர்ட் (கணினிக்குள் எந்த நிரலுக்கு என்று சொல்லும் எண்), அந்தப் பக்கத்து முகவரி, அந்தப் பக்கத்து போர்ட். அன்றைய கணினிகள் வைத்த இடத்தை விட்டு நகராதவை, அதனால் அது நியாயமான முடிவுதான். ஆனால் அந்த நான்கில் ஒன்று மாறினாலும் டிசிபியின் கண்ணுக்கு அது வேறு இணைப்பு. இடம் மாறினால் முகவரி மாறியே ஆக வேண்டும், முகவரி மாறினால் ஆளே மாறிவிட்டதாக அர்த்தம்.

எஸ்எஸ்ஹெச் உறையும் அந்த நொடியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். வைஃபையில் லேப்டாப்பின் முகவரி 192.168.1.14, போர்ட் 51234 என்று வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை போய் மொபைல் டேட்டா வந்ததும் லேப்டாப்புக்குப் புது முகவரி கிடைக்கிறது. ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் சாக்கெட் (இணைப்பின் இந்தப் பக்கத்து முனை) பழைய முகவரியோடு கட்டப்பட்டது. அந்தப் பழைய முகவரியைத் தாங்கிய பாக்கெட் (தரவின் சிறு பொதி) மொபைல் நெட்வொர்க்குக்குள் போனால், தான் கொடுக்காத முகவரி என்று அது கீழே போட்டுவிடும். சர்வருக்கோ எதுவும் தெரியாது. அனுப்ப ஏதாவது இருந்தால் பழைய வைஃபை ரௌட்டரின் பொது முகவரிக்கே அனுப்பும். பதில் வராததால் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே திரும்பத் திரும்ப முயலும். லினக்ஸின் இயல்பான அமைப்பில் 15 முறை முயன்று, ஏறத்தாழ 15 நிமிடம் கழித்துத்தான் கைவிடும். அனுப்ப எதுவும் இல்லையென்றால் இன்னும் மோசம், மணிக்கணக்கில் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு இதற்காகவே, ஒரு நெட்வொர்க் போனதும் அந்த முகவரியில் கட்டிய டிசிபி சாக்கெட்டுகளைத் தானே உடைத்து, ஆப்புக்கு உடனே பிழை காட்டுகிறது. இது நல்ல முடிவு. செத்துவிட்டது என்று உடனே தெரிந்தால் ஆப் மறுபடி இணைந்துகொள்ளும், தெரியாவிட்டால் பயனர் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படியானால் வீடியோ எப்படித் தப்பியது? தப்பவே இல்லை, அதன் இணைப்பும் அறுந்துதான் போனது. ஆனால் வீடியோ சில நொடி நீளத் துண்டுகளாக வருகிறது, ஒவ்வொரு துண்டும் தனிக் கோரிக்கை. அடுத்த சில துண்டுகள் முன்கூட்டியே இறங்கிக் காத்திருக்கும். இணைப்பு அறுந்ததும் பிளேயர் புது இணைப்பைத் திறந்து, தனக்கு அடுத்து வேண்டிய துண்டைக் கேட்டது. எங்கே விட்டோம் என்பது பிளேயருக்குத் தெரியும், அதை இணைப்பு நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், கோப்பேற்றத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இனி, ஒரே முகவரியைக் கூடவே கொண்டுபோவது பற்றி. ஒரே நிர்வாகத்துக்குள் இது நடக்கிறது, தினமும் நடக்கிறது. பெரிய கட்டடத்தில் பல வைஃபை ஆக்சஸ் பாயின்ட்கள் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியில்) இருந்தால், ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனாலும் ஐபி முகவரி மாறாது. பாதுகாப்பான வைஃபையில் மறுபடி அடையாளச் சோதனை நடத்த ஆகும் நேரம்தான் அழைப்பில் வெட்டாகக் கேட்கும். அதைக் குறைக்கத்தான் 2008இல் 802.11ஆர் என்ற வைஃபை தரம் வந்தது. மொபைல் நெட்வொர்க்கில் இன்னும் அழகாக நடக்கும். உங்கள் ஐபி முகவரி டவருக்குச் சொந்தமில்லை, நெட்வொர்க்கின் உள்ளே இருக்கும் கேட்வே ஒன்றுக்குச் சொந்தம். அந்தக் கேட்வேயிலிருந்து நீங்கள் இருக்கும் டவர் வரை ஒரு டனல் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் வழி) போடப்பட்டிருக்கும். டவர் மாறும்போது டனலின் இந்த முனையை மட்டும் இழுத்துப் புது டவரில் மாட்டுகிறார்கள். ரயிலில் பல டவர்களைத் தாண்டினாலும் வெளியே இருக்கும் சர்வர் அதே முகவரியைத்தான் பார்க்கிறது.

இதையே இணையம் முழுவதற்கும் விரிக்கப் பார்த்ததுதான் மொபைல் ஐபி. 1996இல் ஆர்எஃப்சி 2002 என்ற எண்ணுள்ள இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. சொந்த நெட்வொர்க்கில் ஹோம் ஏஜென்ட் என்று ஒரு கணினி நிற்கும். நீங்கள் எங்கே போனாலும் அங்கே கிடைத்த தற்காலிக முகவரியை அதற்குத் தெரிவிப்பீர்கள். நிரந்தர முகவரிக்கு வரும் பாக்கெட்டுகளை அது வாங்கி, டனல் வழியாகத் தற்காலிக முகவரிக்கு அனுப்பிவைக்கும். காகிதத்தில் குறை சொல்ல முடியாத வடிவமைப்பு. நடைமுறையில் இரண்டு இடி விழுந்தது. முதலாவது, பக்கத்திலேயே இருக்கும் சர்வரோடு பேசவும் பாக்கெட் எங்கோ தொலைவிலுள்ள ஹோம் ஏஜென்டைச் சுற்றிக்கொண்டுதான் வரும். இரண்டாவது, போலி மூல முகவரிகளைத் தடுக்க நெட்வொர்க்குகள் வடிகட்டத் தொடங்கியதும், வெளியூரிலிருந்து நிரந்தர முகவரியைப் போட்டு அனுப்பிய நியாயமான பாக்கெட்டுகளும் சேர்ந்து அடிபட்டன. போகும் பாக்கெட்டையும் டனலுக்குள் தள்ளவேண்டி வந்தது. 2004இல் வந்த மொபைல் ஐபிவி6 இந்தச் சுற்றுவழியை நேராக்க வழி சொன்னது, ஆனால் அதற்கு எதிர்முனையும் அந்த நெறிமுறை தெரிந்ததாக இருக்க வேண்டும். இவை பொதுமக்கள் கைக்கு வந்து சேராததற்குத் தொழில்நுட்பத்தைவிட நிர்வாகமே பெரிய காரணம் என்பது என் கருத்து. வைஃபை ஒருவருடையது, மொபைல் நெட்வொர்க் இன்னொருவருடையது, சர்வர் மூன்றாமவருடையது. எல்லார் போக்குவரத்தையும் தன் தலையில் சுமக்கும் ஹோம் ஏஜென்டை யார் நடத்துவது, யார் செலவு செய்வது? அதற்குப் பதில் கிடைக்கவே இல்லை.

இன்னும் துணிச்சலான ஒரு முயற்சியையும் சொல்லத் தோன்றுகிறது. விமானத்தில் இணையம் கொடுத்த கனெக்‌ஷன் பை போயிங் சேவை, ஒவ்வொரு விமானத்துக்கும் 256 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியைக் கொடுத்தது. விமானம் எந்தத் தரைநிலையத்தின் எல்லைக்குள் பறக்கிறதோ, அங்கிருந்து அந்தத் தொகுதியை, நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் பிஜிபி நெறிமுறை மூலம் உலகத்துக்கே அறிவித்தது. கண்டம் தாண்டும்போது முழு இணையத்தின் ரௌட்டிங் அட்டவணையும் அந்த விமானத்துக்காக மாறும்! சில விமானங்களுக்கு இது தாங்கும், எல்லாருடைய போனுக்கும் செய்தால் ரௌட்டர்கள் மூச்சுத்திணறிவிடும். அந்தச் சேவை 2006இல் மூடப்பட்டது.

ஆக, நெட்வொர்க் இதை நமக்காகச் செய்து கொடுக்கப் போவதில்லை. மிச்சம் இருப்பது முனைகள்தான். 2000ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியாளர்களான அலெக்ஸ் ஸ்னோரனும் ஹரி பாலகிருஷ்ணனும் இதைச் சொன்னார்கள்: இணைப்புக்கு ஒரு டோக்கன் கொடுங்கள், முகவரி மாறியதும் புது முகவரியிலிருந்து அந்த டோக்கனைக் காட்டி டிசிபி இணைப்பைத் தொடருங்கள். யோசனை சரி. ஆனால் வழியில் நிற்கும் ஃபயர்வால்களும் நாட் பெட்டிகளும் (பல கருவிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பவை) டிசிபியின் தலைப்பை, அதாவது பாக்கெட்டின் முன்பகுதிக் குறிப்புகளை, வரிக்கு வரி படித்துப் பழகியவை. பழக்கமில்லாத எதையும் அவை கிழித்தெறியும். 2013இல் சோதனைத் தரமாக வந்த மல்ட்டிபாத் டிசிபி இந்தப் பெட்டிகளை ஏமாற்றாமல், அவற்றோடு ஒத்துப்போகும்படி மிகக் கவனமாக வடிவமைக்கப்பட்டது. ஒரே உரையாடல் வைஃபையிலும் மொபைலிலும் ஒரே நேரத்தில் இரண்டு கிளைகளாக ஓடும், ஒன்று சாய்ந்தால் மற்றது சுமக்கும். ஆப்பிள் அதே ஆண்டு ஐஓஎஸ் 7இல் சிரிக்கு இதைப் பயன்படுத்தியது. லினக்ஸ் கெர்னலுக்குள் 2020இல், 5.6 பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. இதன் பெரிய பலம், பழையது அறுவதற்கு முன்பே புதியது தயாராக இருப்பது. பலவீனம், சர்வரிலும் இருந்தால்தான் பயன்.

க்விக் என்ற நெறிமுறை வேறு பாதையில் போனது. கூகுளில் 2012இல் தொடங்கி, 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 ஆகத் தரப்படுத்தப்பட்டது. அது டிசிபியையே விட்டுவிட்டு, பாக்கெட் போய்ச் சேரும் என்று உறுதி தராத எளிய நெறிமுறையான யுடிபியின் மேல் உட்கார்ந்தது. தன் தலைப்பில் பெரும்பகுதியையும் குறியாக்கிவிட்டதால், இடையில் நிற்கும் பெட்டிகள் அதில் கைவைக்க முடியாது. போனிலிருந்து சர்வருக்குப் போகும் பாக்கெட்டில், சர்வர் தானே தேர்ந்து கொடுத்த ஓர் இணைப்பு எண் இருக்கும், முதல் பதிப்பில் 20 பைட் வரை.

இப்போது போன் வைஃபையை விட்டு மொபைலிலிருந்து ஒரு பாக்கெட் அனுப்புகிறது. சர்வர் பார்க்கும் மூல முகவரி முன்பின் தெரியாதது. ஆனால் இணைப்பு எண்ணைக் கொண்டு சரியான குறியாக்கச் சாவியை எடுத்துத் திறக்கிறது, பாக்கெட் சுத்தமாகத் திறக்கிறது. அதே ஆள்தான். ஆனாலும் உடனே எல்லாத் தரவையும் புது முகவரிக்குக் கொட்டிவிடாது. யூகிக்க முடியாத 8 பைட்டை ஒரு சவாலாக அங்கே அனுப்பும். அதே 8 பைட் திரும்பி வந்தால்தான் அந்த முகவரியில் நிஜமாகவே போன் இருக்கிறது என்று ஏற்கும். அதுவரை அங்கிருந்து வந்த அளவில் மூன்று மடங்குக்கு மேல் அனுப்பக் கூடாது என்பது விதி. இந்தத் தயக்கம் மிக அவசியம். இல்லையென்றால் யாராவது ஒரு பெரிய பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டு, வேறொருவரின் முகவரியைப் போட்டு "நான் இடம் மாறிவிட்டேன்" என்று சொல்லி, சர்வரைக் கொண்டே அவரை வெள்ளத்தில் மூழ்கடிக்கலாம்.

வழி உறுதியானதும் இன்னொன்று நடக்கும். பழைய வழியில் எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று கற்றுவைத்திருந்த கணக்கைச் சர்வர் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும், ஏனென்றால் வைஃபையின் வேகம் மொபைலுக்குப் பொருந்தாது. இணைப்பு அறாமலேயே ஒரு கணம் மந்தமாவதாகத் தோன்றினால் காரணம் இதுவாக இருக்கலாம். அந்தரங்கத்தையும் யோசித்திருக்கிறார்கள். அதே இணைப்பு எண்ணை இரண்டு நெட்வொர்க்கிலும் காட்டினால், இரண்டையும் கவனிப்பவர் "இங்கே இருந்தவர்தான் இப்போது அங்கே" என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால் சில உதிரி எண்களைக் குறியாக்கத்துக்குள் முன்கூட்டியே கொடுத்து வைப்பார்கள், புது வழிக்குப் புது எண். இந்த ஒரு நுணுக்கத்துக்காகவே க்விக்கை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் க்விக் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் பதிப்பில் இப்படி இடம் மாறுவது கிளையன்ட் பக்கத்துக்கு மட்டும்தான். சர்வர் விரும்பினால் இதை அனுமதிக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். பல சர்வர்களுக்கு முன்னால் நிற்கும் லோட் பேலன்சர், அந்தப் பழைய நான்கு எண்களை வைத்தே பாக்கெட்டைப் பிரித்தால், முகவரி மாறிய பாக்கெட் சாவி இல்லாத வேறு சர்வருக்குப் போய்த் தொலையும். எந்தச் சர்வர் என்ற குறிப்பை இணைப்பு எண்ணுக்குள்ளேயே வைத்து, லோட் பேலன்சரை அதைப் படிக்கச் செய்ய வேண்டும். இதைச் செய்யாத அமைப்பில் க்விக்கின் இந்த வசதி பெயரளவில்தான் இருக்கும்.

உங்கள் எஸ்எஸ்ஹெச் சிக்கலுக்கு இன்றைக்கே செய்யக்கூடியது இரண்டு உண்டு. ஒன்று மோஷ், எஸ்எஸ்ஹெச்சுக்குப் பதிலாகப் பயன்படும் ஒரு நிரல். கீத் வின்ஸ்டீனும் ஹரி பாலகிருஷ்ணனும் எம்ஐடியில் எழுதி 2012இல் வெளியிட்டது. எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைந்து சாவியைப் பெற்றுக்கொண்டு, பிறகு யுடிபிக்கு மாறிவிடும். அதன் விதி மிக எளிமையானது: இதுவரை கண்டதிலேயே பெரிய வரிசை எண்ணோடு, உண்மையானது என்று சாவி உறுதிசெய்த பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்ததோ, இனி அந்த முகவரிக்கே பதில். லேப்டாப்பை மூடி, இன்னோர் இடத்தில் திறந்தால் அதே திரை அங்கே இருக்கும். திரையின் தற்போதைய நிலையை மட்டுமே அது ஒத்திசைப்பதால் மேலே உருட்டிப் பழைய வரிகளைப் பார்க்க முடியாது, அதற்கு உள்ளே டிமக்ஸ் (சர்வரிலேயே திரையைக் காத்துவைக்கும் நிரல்) வேண்டும்.

இன்னொன்று வயர்கார்டு என்ற விபிஎன் (குறியாக்கிய டனல்), நான் பெரிதும் பரிந்துரைப்பது. இதுவும் எதிர்முனையைச் சாவியால்தான் அடையாளம் காண்கிறது. கடைசியாக வந்த உண்மையான பாக்கெட்டின் மூல முகவரியே எதிர்முனையின் முகவரி என்று தன் குறிப்பைத் திருத்திக்கொள்ளும். டனலுக்குள் உங்களுக்கு ஒரு மாறாத முகவரி. உள்ளே ஓடும் டிசிபிக்கு வெளியே நடந்த மாற்றம் எதுவும் தெரியாது, ஓரிரு பாக்கெட் தாமதமானதாக மட்டுமே நினைக்கும். யோசித்துப் பார்த்தால் இது மொபைல் ஐபியின் அதே ஏற்பாடுதான், உங்கள் சர்வர்தான் ஹோம் ஏஜென்ட். அதை யார் நடத்துவது என்ற பழைய கேள்விக்கு நீங்களே பதில். போக்குவரத்து எல்லாம் அந்தச் சர்வரைச் சுற்றி வரும் குறையும் அப்படியே உண்டு, எனவே அதை அருகில் வையுங்கள்.

இங்கே பலர் தலைகீழாகச் செய்வது ஒன்று உண்டு. எஸ்எஸ்ஹெச் அறாமல் இருக்க, எத்தனை நொடிக்கு ஒரு முறை சர்வரிடம் பதில் கேட்பது என்ற சர்வர்அலைவ்இன்டர்வல் மதிப்பை 15 நொடி என்று வைப்பார்கள். மூன்று முறை பதில் வராவிட்டால் துண்டிப்பது இயல்பான அமைப்பு, ஆக 45 நொடி நெட்வொர்க் இல்லாவிட்டால் எஸ்எஸ்ஹெச் தானே கழுத்தை அறுத்துக்கொள்ளும். சும்மா இருக்கும் இணைப்பை நாட் பெட்டி மறக்காமல் வைத்திருக்க இந்த மதிப்பு உதவும் என்பது உண்மை, ஆனால் இடம் மாறுபவருக்கு இதுவே எதிரி. வயர்கார்டு இருக்கும்போது நாட்டை விழிப்பாக வைக்கும் வேலையை அவ்வப்போது சிறு பாக்கெட் அனுப்பும் அதன் கீப்அலைவிடம் 25 நொடிக்கு விட்டுவிட்டு, எஸ்எஸ்ஹெச்சின் பொறுமையைக் கூட்டுங்கள். சர்வர் ஏதோ அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் அந்த 15 நிமிட எல்லை அப்போதும் உண்டு, அதற்கு டிமக்ஸ்.

அழைப்புகளின் கதை சற்று வேறு. குரல் பாக்கெட்டைத் தாமதமாகக் கொடுத்துப் பயனில்லை, எனவே மறுபடி அனுப்புவது உதவாது. முகவரி மாறியதை உணர்ந்து, இரு முனைகளும் எட்டக்கூடிய வழிகளை மறுபடி தேடிப் பொருத்த வேண்டும். இணைய அழைப்புகளுக்கான வெப்ஆர்டிசி தொழில்நுட்பத்தில் இது ஐஸ் ரீஸ்டார்ட் எனப்படும். நீங்கள் கேட்ட அந்தச் சில நொடி ஊமை பெரும்பாலும் இந்தத் தேடல்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இடம் மாறினால் இருவர் கையிலும் பழைய முகவரிதான் இருக்கும். அப்போது இருவருக்கும் பொதுவாக, நகராமல் நிற்கும் ஒரு சிக்னலிங் சர்வர் இருந்தே ஆக வேண்டும்.

கோப்பேற்றம் உங்கள் சொந்த ஆப் என்றால், வீடியோ பிளேயர் செய்ததைச் செய்யுங்கள். கோப்பைத் துண்டுகளாக்கி, ஏற்றத்துக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, மறுபடி இணைந்ததும் "எத்தனையாவது பைட் வரை வந்தது?" என்று சர்வரிடம் கேட்டு அங்கிருந்து தொடருங்கள். பணம் செலுத்துவது, ஆர்டர் கொடுப்பது போன்றவற்றில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கட்டாயம். கோரிக்கை போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். எண் இருந்தால் இரண்டாம் முறை வந்ததைச் சர்வர் அடையாளம் கண்டு பழைய பதிலையே கொடுக்கும். க்விக்கே இருந்தாலும் இந்த நினைவு ஆப்புக்குள் இருக்க வேண்டும். போனின் பேட்டரி தீரலாம், ஆப்பை இயங்குதளம் மூடிவிடலாம், அங்கே எந்த இணைப்பு எண்ணும் மிஞ்சாது.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு கடினமான பகுதி பாக்கி: எப்போது மாறுவது என்ற முடிவு. வைஃபை முழுதாகப் போய்விட்டால் எளிது. கட்டடத்தின் ஓரத்தில் நடக்கும்போது சிக்னல் ஒரு கோட்டோடு ஊசலாடும், பத்தில் சில பாக்கெட்டுகள்தான் போகும், ஆனாலும் போன் வைஃபையை விடாது. முகவரி மாறவில்லை, யாரும் இணைப்பு அறுந்ததாகச் சொல்லவில்லை, ஆனால் எதுவும் நகராது. இந்த அரைகுறை நிலைக்குத்தான் ஆப்பிள் 2015இல் ஐஓஎஸ் 9இல் வைஃபை அசிஸ்ட் கொண்டுவந்தது. அவசரமாக மாறினால் மொபைல் டேட்டா கரையும், தாமதித்தால் பயனர் தவிப்பார். ஆப் எழுதுபவர் செய்யக்கூடியது, நெட்வொர்க் மாறியதாக இயங்குதளம் சொல்லும்வரை காத்திராமல், பதில் வரும் நேரத்தைத் தானே கவனித்து, தாமதமானால் இன்னொரு வழியிலும் முயன்று பார்ப்பது.

ஆகவே சோதிக்கும்போது வைஃபை பொத்தானை அணைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், அது சுத்தமான வெட்டு, பெரும்பாலான ஆப்கள் அதில் தேறிவிடும். பெரிய கோப்பு ஒன்றை ஏற்றத் தொடங்கிவிட்டு, கதவைத் தாண்டி மெதுவாக நடந்து போங்கள். அல்லது ஒரு லினக்ஸ் கணினியை இடையில் வைத்து, அதன் நெட்எம் வசதியால் முதலில் பத்தில் ஒரு பாக்கெட், பிறகு பாதி, பிறகு எல்லாம் என்று படிப்படியாகக் கொட்டவிடுங்கள். அந்த நேரத்தில் சர்வர் பக்கத்துப் பதிவேட்டைத் திறந்து வைத்து, ஏற்றம் எந்த பைட்டில் நின்றது, எத்தனை நொடி கழித்து எந்த பைட்டிலிருந்து தொடர்ந்தது என்று பாருங்கள். அந்த இரண்டு பைட் எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும்.